எல்லைக் கல்லும் ஊர்க் கணக்கும்
தென்காசி வட்டாரத்து நிலஅளவைப் பணி தரும் பாடம்

ஆனி மாதத்தில் குற்றாலத்து மலைமுகட்டில் மேகம் கவிந்து சாரல் விழும்போது, சிற்றாற்றில் நீர் பெருகுகிறது. தென்காசியைச் சுற்றியுள்ள வயல்களில் கார்ச் சாகுபடி தொடங்குகிறது. அதே காலத்தில், ஜூலை முதல் நாளில், வருவாய்க் கணக்கின் ஆண்டாகிய பசலியும் பிறக்கிறது. ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் அவ்வாண்டு ஜூலையில் தொடங்கும் பசலி கிடைக்கும். 2025 ஜூலையில் தொடங்கியது 1435-ஆம் பசலி. உழவர் விதைக்கும் பருவமும் ஊர்க்கணக்கர் புதுக் கணக்கு எழுதும் பருவமும் இவ்வாறு ஒன்றாக அமைந்தன.

ஆங்கிலேயர் ஆட்சியில் திருநெல்வேலி மாவட்டத்தில் நிலஅளவை எவ்வாறு நடந்தது, ஆண்டுதோறும் அது எவ்வாறு காக்கப்பட்டது என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினரும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம். ஏனெனில் இன்று நம் கையிலுள்ள பட்டாவும், புல எண்ணும், வரப்பு ஓரத்தில் பாதி புதைந்து நிற்கும் கல்லும் அந்தப் பணியின் வழி வந்தவையே.

மலையளவிலிருந்து வயலளவுக்கு

1802-ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் என்னும் இராணுவ அதிகாரி பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். 1809-இல் பாளையங்கோட்டை அருகே அதற்கான அடிக்கோடு ஒன்று அளக்கப்பட்டது. அவ்வளவை மலைகளும் ஊர்களும் எங்கெங்கே உள்ளன என்பதைக் காட்டியது. ஆனால் எந்த வயல் யாருடையது, அதன் பரப்பு என்ன என்பதை அது சொல்லவில்லை.

ரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வொரு விவசாயியிடமும் நேரடியாகத் தீர்வை வாங்கியது. ஆகவே வயல் வயலாக அளக்க வேண்டியதாயிற்று. இதற்காகச் சென்னை மாகாணத்தில் 1858-இல் வருவாய் நிலஅளவைக்கெனத் தனித் துறை ஏற்பட்டது. முதலில் நிலம் அளக்கப்பட்டது. பிறகு மண்ணின் வகையையும் பாசன வசதியையும் பார்த்து நன்செய், புன்செய் எனப் பிரித்து, தரம் கண்டு, தீர்வை விதிக்கப்பட்டது. ஊற்றுமலை போன்ற ஜமீன்களின் நிலை வேறு. அங்கே ரயத்துவாரி முறைக்கு வழி வகுத்தது 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டமே.

அந்நிய ஆட்சியின் நோக்கம் வரி என்பதில் ஐயமில்லை. எல்லையோரப் புதரை வெட்டித் தருதல், கொடி பிடிக்க ஆள் அனுப்புதல் ஆகியவையும் நிலத்தாரிடமிருந்தே கோரப்பட்டன. ஆயினும் வரிக்காக எழுதப்பட்ட அதே கணக்கு, வலியவன் வரப்பைத் தள்ளும்போது எளியவன் காட்டக்கூடிய சான்றாகவும் பயன்பட்டது.

சங்கிலியின் கணக்கு

அக்காலத்து அளவரின் முதன்மைக் கருவி குண்டர் சங்கிலி. அதன் நீளம் 66 அடி. லிங்க்ஸ் என்று சர்வேயர்கள் குறிப்பிடும் கண்ணிகள் அதில் 100. ஒரு கண்ணி 7.92 அங்குலம். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர்; ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு செண்டு.

நான்கு மூலையுள்ள வயலொன்றை எடுத்துக்கொள்வோம். எதிரெதிர் மூலைகளுக்கு இடையே ஒரு குறுக்குக் கோடு பிடித்தால் வயல் இரண்டு முக்கோணங்களாகும். அக்கோட்டின் நீளம் 400 கண்ணி என்றும், மற்ற இரு மூலைகளிலிருந்து அதன்மேல் விழும் செங்குத்துக் கோடுகள் 150, 250 கண்ணி என்றும் கொள்வோம். இரு செங்குத்துகளையும் கூட்டினால் 400. அதைக் குறுக்குக் கோட்டின் நீளத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் 80,000 சதுரக் கண்ணி, அதாவது 80 செண்டு. இந்நாளைய அளவில் இது ஏறத்தாழ 32.4 ஏர்ஸ். புலப்படத்தில் வயலின் குறுக்கே காணும் கோடுகளும் எண்களும் இத்தகைய அளவுகளேயாகும். இக்கணக்கைத் தெரிந்துகொண்டால் எந்த விவசாயியும் தம் நிலத்தின் பரப்பைத் தாமே சரிபார்க்கலாம்.

இரும்புச் சங்கிலி புழங்கப் புழங்க நீளும் இயல்புடையது. நூறு கண்ணிக்கு ஒரு கண்ணி நீண்டாலும், 80 செண்டு என்று காட்டும் வயல் உண்மையில் 81.6 செண்டுக்கு மேலிருக்கும். ஆகவே அளவையில் இறங்குமுன் சங்கிலியைச் சரியான அளவோடு ஒப்பிடுவது கடமையாயிற்று. அளக்கும் கருவியையே முதலில் அளந்து பார்க்க வேண்டும் என்பது அன்றைய அலுவலகம் தரும் முதற் பாடம்.

ஆண்டு முழுவதும் நடந்த பணி

நிலத்தை ஒருமுறை அளந்து கல் நட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவது தவறு. நிலம் விற்கப்படுகிறது, தந்தைக்குப்பின் மக்களிடையே பிரிகிறது, கல் உழவுமாட்டுக் கலப்பையில் இடறிச் சாய்கிறது, வெள்ளம் கரையை அரிக்கிறது. இம்மாற்றங்கள் கணக்கில் ஏறாவிடில், சில ஆண்டுகளில் படம் ஒன்றாகவும் வயல் வேறாகவும் ஆகிவிடும். பெருஞ்செலவில் நடந்த அளவை வீணாகி, மீண்டும் முதலிலிருந்து அளக்க நேரும். இதனைத் தடுக்கவே ஆண்டுதோறும் பராமரிப்புப் பணி அமைந்தது.

பசலி தொடங்கியதும் ஊர்க்கணக்கர் வயல்தோறும் சென்று, எந்தப் புலத்தில் யார் என்ன பயிர் செய்தார், எந்த நீர் பாய்ந்தது என்பதை அடங்கலில் பதிவார். அவ்வாறு செல்லும்போதே எல்லைக் கற்களையும் பார்த்து, காணாமற்போனவற்றையும் சாய்ந்தவற்றையும் குறித்துக்கொள்வார். வருவாய் ஆய்வாளர் அதைச் சரிபார்ப்பார். நட வேண்டிய கற்களுக்காகக் கிராமங்களில் கல் இருப்பு வைக்கப்பட்டிருந்தது.

பிசான அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகு சங்கிலி பிடிக்க வசதியாகும். அப்போது சர்வேயர் வந்து, விற்பனையாலும் பாகப்பிரிவினையாலும் பிரிந்த நிலங்களை அளந்து உட்பிரிவு செய்வார். 45-ஆம் புலம் 45/1, 45/2 என்று பிரியும். அந்த அளவுகள் புலப்படத்தில் ஏறும். பெயர்கள் சிட்டாவிலும் பட்டாவிலும் மாறும். ஆண்டின் முடிவில் ஜமாபந்தி கூடும். ஊர்க் கணக்குகள் அனைத்தும் அங்கே அதிகாரியின் முன் தணிக்கைக்கு வரும். குறையுள்ள விவசாயி அங்கேயே மனுக் கொடுக்கலாம். வருவாய்த் தீர்வாயம் என்ற பெயரில் ஜமாபந்தி இன்றும் நடைபெறுகிறது.

சட்டம் யாரைப் பொறுப்பாக்கியது?

1923-ஆம் ஆண்டின் சென்னை நிலஅளவை, எல்லைகள் சட்டம் மூன்று செய்திகளைத் தெளிவாக்கியது. முதலாவது, அளவை நடக்கும்போது அதில் அக்கறையுள்ளவர்களுக்கு அறிவிப்புத் தரப்பட வேண்டும். இரண்டாவது, எல்லை முடிவாகி அரசிதழில் அறிவிக்கப்பட்டபின், அதை ஏற்காதவர் மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும். மூன்றாவது செய்தி பலரும் அறியாதது: தம் நிலத்தின் எல்லைக் கற்களைக் காத்துச் சீர்படுத்தும் கடமை பட்டாதாரருக்கே உரியது. அவர் தவறினால் அரசு கல்லை நட்டு, அந்தச் செலவை அவரிடம் வசூலிக்கலாம்.

ஆகவே, அறிவிப்பு வந்த நாளில் வயலுக்குச் செல்லாமல் இருந்துவிட்டுப் பின்னர் வருந்துவதில் பயனில்லை.

அரசு மாறினும் கல் நின்றது

தென்காசிக்கு மேற்கேயுள்ள செங்கோட்டை அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. தென்காசியும் குற்றாலமும் ஆங்கிலேயரின் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஒரே மலையடிவாரத்து ஊர்களுக்கு இடையே இரண்டு அரசுகளின் எல்லை ஓடியது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2019 நவம்பரில் தென்காசியே தனி மாவட்டமாயிற்று. கர்ணம், மணியம் பதவிகள் 1980-இல் நீக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த யூ.டி.ஆர். திட்டத்தில் ஏக்கரும் செண்டும் ஹெக்டேரும் ஏர்ஸுமாயின. இன்று பட்டாவையும் புலப்படத்தையும் இணையத்தில் பெறலாம். சங்கிலியின் இடத்தில் மின்னணுக் கருவிகள் வந்துள்ளன.

இத்தனை மாறியும் ஒன்று மாறவில்லை. கருவி எத்துணை நுட்பமானதாயினும் அது அளவைத் தொடங்க, தரையில் உறுதியான ஓர் இடம் வேண்டும். கல் இருந்தால் அளவு எளிது. கல் போனால் வழக்குத்தான்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

தனியார் வயலுக்குக் காவலாக அதன் உடையவர் உண்டு. வாய்க்கால், ஓடை, குளம், பாதை, மேய்ச்சல் நிலம் ஆகிய புறம்போக்குகளுக்குக் காவல் ஊரே. இருபது கண்ணி அகலமுள்ள ஒரு வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். இரு கரையிலும் ஆண்டுக்கு ஒரு கண்ணி, அதாவது எட்டு அங்குலத்துக்கும் குறைவாக, வரப்பு நகர்ந்தால் எவர் கண்ணிலும் படாது. ஐந்தே ஆண்டுகளில் வாய்க்கால் பாதியாகிவிடும். பிறகு மலையில் பெருமழை பெய்து நீர் திரண்டு வரும்போது, அது கரையை உடைத்துக்கொண்டு வயலில் பாயும். மழை குறைந்த ஆண்டிலோ கடைமடைக்கு நீர் எட்டாது. கரையை நகர்த்தியவருக்கும் நட்டமே, நகர்த்தாதவருக்கும் நட்டமே.

ஆதலின் ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஆண்டுக்கு ஒருமுறை கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்:

1. கிராம வரைபடத்தையும், புறம்போக்குப் புலங்களின் படங்களையும், 'ஏ' பதிவேட்டின் நகலையும் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்திருத்தல்.

2. அறுவடைக்குப் பின், மழைக்கு முன், உறுப்பினரும் விவசாயிகளும் கிராம நிர்வாக அலுவலருடன் குளக்கரையும் வாய்க்கால் கரையும் நடந்து, கற்களை எண்ணிக் குறித்தல்.

3. காணாத கற்களின் பட்டியலையும் ஆக்கிரமிப்பு விவரத்தையும் கிராம சபையில் படித்து, வட்டாட்சியருக்கு எழுத்து மூலம் அனுப்புதல். ஆக்கிரமிப்பை நீக்க 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும், குளங்களுக்கென 2007-ஆம் ஆண்டின் சட்டமும் உள்ளன. எவரும் தாமே கல்லைப் பிடுங்கவோ நடவோ கூடாது.

4. நிலம் வாங்கியவரும் பாகம் பிரிந்தவரும் உடனே உட்பிரிவுக்கும் பட்டா மாறுதலுக்கும் மனுச் செய்யத் தூண்டுதல். பத்திரம் பெட்டியில் இருந்தால் போதாது. பெயர் கணக்கில் ஏற வேண்டும்.

5. ஜமாபந்தி நாளை முன்கூட்டியே ஊரில் அறிவித்து, குறையுள்ளோர் தக்க ஆவணங்களுடன் செல்ல உதவுதல்.

அன்று இப்பணியை ஆண்டுதோறும் செய்வித்தது வரி வாங்கும் அரசின் தேவை. இன்று நமக்கு வேண்டியது நீரும், பாதையும், அண்டை வயலாரோடு அமைதியும். அவற்றின்பொருட்டு ஊரார் ஆண்டில் ஒரு நாள் வரப்பில் நடப்பது பெரிய சிரமம் அன்று. அடுத்த சாரல் தொடங்குமுன் உங்கள் ஊர் வாய்க்காலின் கற்கள் எத்தனை நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.