புலப்படா வேலியும் சிறுநாய்களும்

நாய் நன்றியறிவுள்ள பிராணி என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் தன் வீட்டின் எல்லை எதுவரையில் என்பதை அது தானாக அறிவதில்லை. அணிலோ முயலோ ஓடக் கண்டால், எல்லையையும் மறந்து, எதிரே வரும் மோட்டார் வண்டியையும் மறந்து பாய்வது அதன் இயல்பு. பெரிய நாயாயின் வண்டி ஓட்டுபவரின் கண்ணுக்குத் தூரத்திலேயே தென்படும். ஒரு சாண் உயரமுள்ள சிறுநாயோ சக்கரத்தை அணுகும் வரையில் தென்படுவதில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புறநகர்களில் இத்தொல்லை மிகுதி. அங்கே பல வீடுகளின் முன்புறம் மதிலில்லாமல், புல்வெளியானது தெருவரையில் நீண்டு கிடக்கும். முன்புறத்தில் வேலி எழுப்பலாகாது என்று விதி செய்துள்ள குடியிருப்புச் சங்கங்களும் பல. இக்குறையைப் போக்க ஏற்பட்டதே மண்ணுக்குள் பதிக்கும் மின்னணு வேலியாகும். இம்முறைக்கு 1973ஆம் ஆண்டில் ரிச்சர்ட் பெக் என்னும் அமெரிக்கர் காப்புரிமை பெற்றார். இப்பொழுது கடைகளில் விற்கும் பலவகைச் சாதனங்களும் அவர் வகுத்த முறையையே அடிப்படையாகக் கொண்டவை.

இதனை வாங்குவோரிற் பலர், கம்பியைப் பதித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகின்றனர். அஃது தவறு. கம்பி நாயைத் தடுப்பதில்லை. கம்பியைப் பற்றி நாய் கற்ற பாடமே அதனைத் தடுக்கிறது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டு பின்வரும் விஷயங்களைப் படிக்கக் கோருகிறோம்.

வேலியின் உறுப்புகள்

இவ்வேலிக்கு உறுப்புகள் மூன்று. முதலாவது, வீட்டுக்குள் சுவரில் மாட்டப்படும் டிரான்ஸ்மிட்டர் என்னும் அலை அனுப்பும் பெட்டி. இரண்டாவது, அப்பெட்டியினின்று புறப்பட்டு, நிலத்தைச் சுற்றி வந்து, மீண்டும் அப்பெட்டியிலேயே முடியும் உறையிட்ட கம்பி. மூன்றாவது, நாயின் கழுத்துப்பட்டையில் உள்ள ரிசீவர் என்னும் அலை ஏற்கும் சிறு பெட்டி.

டிரான்ஸ்மிட்டர் மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் ஒரு ரேடியோ அலைக்குறியைக் கம்பி வழியே செலுத்துகிறது. அக்குறி கம்பியின் இரு புறத்திலும் சில அடி தூரம் பரவி நிற்கும். நாய் அப்பரப்பினுள் கால் வைத்தவுடன் ரிசீவர் முதலில் ஒலி எழுப்பும். நாய் மேலும் முன்னேறினால், தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோக முனைகளின் வழியே சிறிய மின் அதிர்ச்சி உண்டாகும். குறி பரவும் அகலத்தைப் பெட்டியிலுள்ள திருகினால் கூட்டவும் குறைக்கவும் இயலும்.

வேலி என்றும் மின்சாரம் என்றும் சேர்த்துச் சொல்லக் கேட்டவுடன் நம் குடியானவர்களுக்கு வேறொரு வேலி நினைவுக்கு வரும். காட்டுப்பன்றிக்கு அஞ்சி, மின்சாரத் தொடரிலிருந்து நேரே இணைப்புக் கொடுத்து அமைக்கும் சட்டவிரோத வேலியே அது. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அத்தகைய வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. ஈண்டுக் கூறும் வேலிக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. மண்ணுக்குள் உள்ள கம்பியில் உயிரைக் கொல்லத்தக்க மின்சாரம் இல்லை. நாய்க்கு உண்டாகும் அதிர்ச்சி கழுத்துப்பட்டையிலுள்ள சிறு பாட்டரியினின்று வருவதேயன்றிக் கம்பியினின்று வருவதன்று. பட்டையணியாத பிராணிக்கும் மனிதருக்கும் இவ்வேலி இருப்பதே தெரியாது.

கம்பி பதிக்கும் முறை

முதலில் நிலத்தின் படம் ஒன்றை வரைந்து, கம்பி செல்லும் வழியைக் குறித்துக் கொள்ளுதல் வேண்டும். அரை ஏக்கர் நிலம் சதுரமாக இருந்தால் அதன் சுற்றளவு சுமார் 590 அடியாகும். ஆகையால் 500 அடி கொண்ட ஒரு சுருள் போதாது என்பதை வாங்கும்பொழுதே கணக்கிடுதல் நலம்.

கம்பியைச் சாலையோரத்திலேயே பதிக்கலாகாது. ஓடிவரும் நாய் தயங்கி நின்று திரும்புவதற்கு இடம் வேண்டும். ஆதலால் சாலையினின்று சுமார் 10 அடி உள்வாங்கிப் பதித்தல் நன்று. மூலைகளைச் செங்கோணமாக மடிக்காமல் வளைவாகத் திருப்ப வேண்டும்; கூரிய மூலையில் குறி ஒழுங்காகப் பரவாது. வீட்டுக்குச் செல்லும் மின்கம்பியை ஒட்டி நெடுந்தூரம் கொண்டு செல்லாமல், கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடத்தல் வேண்டும்.

மண்ணில் 1 அங்குலம் முதல் 3 அங்குலம் ஆழம் போதுமானது. குறி தரையின் மேலுள்ள கம்பியினின்றும் பரவும்; புல் வெட்டும் யந்திரத்தினின்றும் காலடியினின்றும் கம்பியைக் காப்பதற்காகவே அதனைப் புதைக்கிறோம். சிமெண்டுப் பாதை குறுக்கிட்டால், அதில் சிறு பள்ளமாக அறுத்துக் கம்பியை வைத்து, மேலே பூசி மூடிவிடலாம்.

வீட்டிலிருந்து எல்லைவரை செல்லும் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று நெருக்கமாக முறுக்கிவிட வேண்டும். இரண்டிலும் குறி எதிரெதிர்த் திசையிற் செல்வதால் ஒன்றை மற்றொன்று அழித்துவிடும். நாய் அவ்விடத்தை அச்சமின்றிக் கடக்கலாம். இதே காரணத்தால், எல்லையில் போகும் கம்பியையும் திரும்பி வரும் கம்பியையும் அருகருகே பதித்தால் வேலியே பயனற்றுப் போகும். அவற்றினிடையே 5 அடிக்குக் குறையாமல் இடைவெளி விடுக.

சிறுநாய்களுக்கு உரிய கவனம்

சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர், பொமரேனியன் முதலிய சிறு ஜாதி நாய்களுக்குப் பெரிய நாயின் பட்டையை அணிவித்தல் கூடாது. பட்டையின் கனமே அவற்றின் கழுத்துக்குச் சுமையாகும். ஒவ்வொரு பட்டையும் எத்தனை ராத்தல் எடைக்கு மேற்பட்ட நாய்க்கு உரியது என்பதைச் செய்தவர்கள் குறித்திருப்பர். அதனைப் பார்த்தே வாங்குதல் வேண்டும். அதிர்ச்சியின் அளவைப் படிப்படியாகக் குறைக்கக்கூடியதும், ஒலி மட்டும் எழுப்பும்படி நிறுத்தக்கூடியதுமான பட்டையே சிறுநாய்க்கு ஏற்றது. ஆறு மாதம் நிரம்பாத குட்டிக்கு இதனைத் தொடங்காதிருத்தல் நலம்.

இச்சிறு ஜாதிகளிற் பலவற்றுக்கு மூச்சுக்குழல் இயல்பாகவே மெலிந்தது. கழுத்தை இறுக்கினால் அது அமுங்கிப்போகும். ஆகவே பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு விரல் நுழையும்படி விடுதல் வேண்டும். அதற்குமேல் தளர்ந்தால் முனைகள் தோலைத் தொடா. மயிர் அடர்ந்த நாய்க்கு நீண்ட முனைகளைப் பொருத்துவதே முறை. பட்டையை மேலும் இறுக்குவது முறையன்று. பழக்கும்பொழுது கயிற்றை இப்பட்டையிற் கட்டாமல், மார்பைச் சுற்றி அணியும் வாரிற் கட்டுதல் வேண்டும்.

வேலியைச் சோதிக்கும்பொழுது பலர் பட்டையைத் தம் இடுப்பளவு உயரத்திற் பிடித்துக்கொண்டு நடக்கின்றனர். நாயின் கழுத்து எவ்வளவு உயரத்தில் இருக்குமோ அவ்வளவு உயரத்தில், அதாவது சிறுநாய்க்குத் தரையினின்று ஒரு சாண் உயரத்தில், பிடித்துச் சோதித்தல் வேண்டும். அப்பொழுதுதான் ஒலி எங்கே தொடங்குகிறது என்பது சரியாக விளங்கும்.

பட்டையை நாள் முழுவதும் அணிவித்து வைத்தால், முனைகள் ஓயாமல் அழுத்துவதாற் தோல் புண்ணாகும். இது மின்சாரத்தாற் சுட்ட புண் என்று பலர் மயங்குவதுண்டு. பெரும்பாலும் அழுத்தமே காரணம். இரவில் பட்டையைக் கழற்றிவிட்டு, கழுத்தை நாள்தோறும் தடவிப் பார்த்தல் வேண்டும். சிவந்திருந்தால், ஆறும் வரையில் அணிவிக்கலாகாது.

பழக்கும் முறை

கம்பி பதித்ததும், ஒலி தொடங்கும் இடத்தில் சில அடிக்கு ஒன்றாகச் சிறு வெள்ளைக் கொடிகளை நட வேண்டும். கம்பியை நாய் காணாது, கொடியைக் காணும்.

முதல் சில நாட்கள் அதிர்ச்சியை நிறுத்தி, ஒலியை மட்டும் வைத்துக்கொள்க. நாயைக் கயிற்றிற் பிடித்துக் கொடியருகே அழைத்துச் சென்று, ஒலி கேட்டவுடன் மெல்ல உள்ளே திருப்பி, தட்டிக்கொடுத்து, ஒரு துண்டு தின்பண்டம் அளிக்க வேண்டும். ஒருமுறைக்கு 10 அல்லது 15 நிமிஷம், நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை போதும். ஒலி கேட்டால் வீட்டுப்பக்கம் திரும்புவதே நலம் என்று நாய் தானே அறிந்துகொள்ளும். பல சிறுநாய்களுக்கு இவ்வளவே போதுமானது. அதிர்ச்சிக்கு வேலையே இராது.

ஒலியை மதியாத நாய்க்கு, மிகக் குறைந்த அளவினின்று தொடங்குக. காதை அசைத்தலும், கழுத்தைத் திருப்பிப் பார்த்தலும் நாய் அதனை உணர்ந்ததற்குப் போதுமான அடையாளங்கள். கத்துமாயின் அளவு அதிகம் என்று அறிக. நாய் அஞ்சி நடுங்கி, வாசற்படியை விட்டு இறங்க மறுத்தால் பழக்குவதை அன்றே நிறுத்திவிட வேண்டும். அத்தகைய நாய்க்கு இவ்வேலி ஏற்றதன்று.

அடுத்து, எல்லைக்கு வெளியே ஒருவர் பந்தை உருட்டியும், மற்றொரு நாயை நடத்தியும் ஆசை காட்ட, நாய் உள்ளேயே நிற்கப் பழக வேண்டும். இதிலும் தேறிய பின்னரே கயிற்றை அவிழ்த்துவிட்டு, அருகில் நின்று கவனிக்கலாம். இவையெல்லாம் நிறைவேற இரண்டு வாரமேனும் ஆகும். கொடிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சில நாள் இடைவெளியில் எடுத்து வருக.

நாயை வெளியே கொண்டு செல்லும்பொழுது பட்டையைக் கழற்றிவிட்டுக் கையிற் தூக்கிக்கொண்டு எல்லையைக் கடத்தல் நன்று. நடத்திச் சென்றால், எல்லையைக் கடப்பது தவறன்று என்று அது கற்றுவிடும்.

இவ்வேலியால் ஆகாதவை

முதலாவதாக, இவ்வேலி உள்ளிருப்பதை ஓரளவு நிறுத்துமேயன்றி, வெளியிலிருந்து வருவதை நிறுத்தாது. அமெரிக்காவிற் புறநகர்வரை வந்து திரியும் கொயோட்டி என்னும் காட்டுநாய்க்கும், அயலாரின் பெரிய நாய்க்கும் இது திறந்த வெளியே. அவை வந்தால், சிறுநாய் தப்பியோட நினைத்தாலும் எல்லை அதனை மறிக்கும். ஆகவே சிறுநாயை இவ்வேலிக்குள் தனியே விட்டுச் செல்லுதல் ஒருபொழுதும் கூடாது.

இரண்டாவதாக, வேட்கை மிகுந்த நாய் ஒரே பாய்ச்சலில் கடந்துவிடும்; அதிர்ச்சி அதற்குக் கணநேரமே. வேட்கை தணிந்து வீடு திரும்ப நினைக்கும்பொழுது, அதே அதிர்ச்சி எதிரே நிற்கிறது. திரும்ப இப்பொழுது தூண்டும் வேகமும் இல்லை. ஆதலால் நாய் தன் வீட்டுக்கு வெளியே, சாலையோரத்திலேயே நின்றுவிடும். காக்க வைத்த வேலியே வீட்டுக்கு வரவொட்டாமற் செய்யும் இந்நிலை மிகவும் கொடியது. 2017ஆம் ஆண்டில் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வில், மின்னணு வேலியில் வைத்த நாய்களுள் 100க்குச் சுமார் 44 எப்பொழுதேனும் தப்பியோடியவை எனவும், கண்ணுக்குத் தெரியும் வேலிக்குள் இருந்தவற்றில் 100க்குச் சுமார் 23 மட்டுமே அவ்வாறு தப்பியவை எனவும் கண்டனர்.

மூன்றாவதாக, அதிர்ச்சி வரும் கணத்தில் தெருவிற் போகும் சிறுவனை நாய் பார்த்துக்கொண்டிருந்தால், வலிக்குக் காரணம் அச்சிறுவனே என்று கருதிவிடக் கூடும். அதனால் முன்பு சாதுவாயிருந்த நாய் சீறத் தொடங்கும். வேல்ஸ் நாட்டில் 2010ஆம் ஆண்டில் மின் அதிர்ச்சி தரும் பட்டைகளைச் சட்டத்தினால் தடுத்துவிட்டனர். அவ்விலக்கு எல்லை வேலிக்குரிய பட்டைகளையும் சேர்ந்ததே.

நான்காவதாக, பாட்டரி தீர்ந்தாலும், கம்பி அறுந்தாலும், மின்சாரம் நின்றாலும் வேலி இல்லையாகும். வாரம் ஒருமுறை பட்டையைக் கையிற் பிடித்து எல்லையைச் சுற்றி நடந்து சோதித்தல் வேண்டும். அறுந்தால் ஓசையெழுப்பும் பெட்டிகள் உண்டாயினும், அவ்வோசையைக் கேட்க வீட்டில் ஆள் இருத்தல் வேண்டும்.

முடிவுரை

விதி இடங்கொடுக்குமாயின், சிறுநாய்க்குச் சிறந்தது கண்ணுக்குத் தெரியும் வேலியே. சிறுநாய்க்கு மூன்றடி உயரமுள்ள கம்பிவலையே பெரும்பாலும் போதும். அடியில் தோண்டாதபடி ஓரங்களைப் பதித்துவிட்டால் அது பல ஆண்டுகள் உழைக்கும். வேலி கட்ட இயலாத இடத்தில் மண்ணுக்குள் பதிக்கும் வேலியை இரண்டாந்தரத் துணையாகக் கொள்ளலாம். அங்கும் நாயை உண்மையிற் காப்பவை மூன்று: பொறுமையுடன் கற்பித்த பாடம், நாள்தோறும் கழுத்தைத் தடவிப் பார்க்கும் கை, அருகில் நின்று கவனிக்கும் கண். இம்மூன்றையும் தர இயலாதவர் கம்பிக்குப் பணம் செலவிடாது, கயிற்றைக் கையிற் பிடித்து நாயோடு தாமும் உலாவி வருதலே சிறந்ததாகும்.