வழிபட ஓர் இடம்

மலாக்கா நகரில் உள்ள புனித பீட்டர் தேவாலயம் 1710ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. அதன் பின்னணியில் ஒரு சிறுபான்மையினரின் நீண்ட காத்திருப்பு இருக்கிறது.

1511ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். பள்ளிவாசலையும் அரச கல்லறைகளையும் இடித்து, அக்கற்களைக் கொண்டு ஆ பாமோசா கோட்டையை எழுப்பினர்.  அவர்களுள் பலர் உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். அவர்களின் வழித்தோன்றல்களே கிறிஸ்தாங் மக்கள். ‘கிறிஸ்தவர்’ எனும் பொருளுடைய போர்த்துகீசியச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது.

1641ஆம் ஆண்டில் ஆட்சி டச்சுக்காரரிடம் சென்றது. அவர்களும் ஐரோப்பியர், அவர்களும் கிறிஸ்தவர். எனினும், அவர்கள் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். ஆதலால், கத்தோலிக்கர் பொதுவில் வழிபடத் தடை விதித்தனர். அன்று பிறருடைய வழிபாட்டிடத்தை இடித்தவர்களின் வழித்தோன்றல்களுக்கே இன்று வழிபட இடமில்லை! அவர்கள் மறைவாகக் கூடி வழிபட்டனர். தங்கள் நம்பிக்கையையும் மொழியையும் கைவிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுப்பாடு தளர்ந்தது. கத்தோலிக்க நெறியைத் தழுவிய டச்சுக்காரர் ஒருவர் வழங்கிய நிலத்தில்தான் புனித பீட்டர் தேவாலயம் எழுந்தது.

காலப்போக்கில் பிற சமயத்தாருக்கும் இடம் கிடைத்தது. மலாக்கா செட்டிகள், சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்த தமிழரின் வழிவந்தவர்கள். அவர்கள் பேசும் மொழி மலாய். வழிபடுவதோ இந்து தெய்வங்களை. 1781ஆம் ஆண்டில், டச்சு அரசு அளித்த நிலத்தில், தைவநாயகம் செட்டி ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயத்தைக் கட்டினார். அதே சாலையில் 1748ஆம் ஆண்டில் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. சிறிது தூரம் நடந்தால், பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீனக் கோயிலைக் காணலாம். எனவே, அப்பகுதியை மக்கள் நல்லிணக்கச் சாலை என அழைக்கின்றனர்.

2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. பல சமயங்களும் பண்பாடுகளும் இங்கு அருகருகே வாழ்ந்து வருவது அச்சிறப்புக்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

ஆட்சி கைமாறும்போது, நேற்றைய பெரும்பான்மை இன்றைய சிறுபான்மை ஆகலாம். பிறருக்கு இடமளிக்கும் சமுதாயமே தனக்கும் இடத்தை உறுதி செய்துகொள்கிறது. மலாக்காவின் பழைய கட்டடங்கள் உணர்த்தும் பாடம் இதுவே.