ஓணான் சுட்டது, டீச்சர்!

பதினேழு ஆண்டுகளாக ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்து வருகிறேன். பறவைகளும் பாலூட்டிகளும் வெப்ப இரத்தப் பிராணிகள். மீன், தவளை, ஓணான், பாம்பு எல்லாம் குளிர் இரத்தப் பிராணிகள். கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு இதை எழுதிவிட்டால் பாடம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். தேர்வில் கேட்பதும் அவ்வளவுதானே!

ஒரு மார்ச் மாதம் அப்படி எழுதிக்கொண்டிருந்தபோது, விடுமுறை நாட்களில் ஆடு மேய்க்கப் போகும் மாணவன் ஒருவன் எழுந்தான்.

"மத்தியானம் பாறை மேல ஓணானைப் புடிச்சேன் டீச்சர். கையில சூடா இருந்துச்சு. அப்புறம் எப்படி அதுக்குக் குளிர் ரத்தம்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே உட்காரச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவன் சொன்னதில் பிழை இல்லை, நாம் கற்பிக்கும் சொல்லில்தான் பிழை. மறுநாள் அதை வகுப்பிலேயே அவனிடம் சொன்னேன்.

ஓணானின் இரத்தம் குளிர்ந்தது அன்று. நம் உடல் உணவை எரித்து உள்ளேயே வெப்பத்தை உண்டாக்கி 37 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கிறது. ஓணான் வெயிலையும் சூடான பாறையையும் நம்பியிருக்கிறது. அதற்காக அது வெயிலின் இழுப்புக்கெல்லாம் போவதில்லை. 1944ஆம் ஆண்டு ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகர்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பாலைவனப் பல்லியினங்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய், அவை தம் உடல் வெப்பநிலையை ஒரு குறுகிய எல்லைக்குள் வைத்துக்கொள்கின்றன என்று காட்டினார்கள். அதாவது நாம் உடலுக்குள் செய்வதை ஓணான் இடம் மாறிச் செய்கிறது. 'மாறும் வெப்பநிலை உடையவை', 'மாறா வெப்பநிலை உடையவை' என்றே இப்போது முதலில் எழுதுகிறேன். பழைய பெயர்களை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறேன்.

அந்த வார இறுதிக்கு வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்றுதான் கொடுத்தேன். நண்பகலில் உங்கள் தெருவில் உள்ள விலங்குகள் என்ன செய்கின்றன என்று பார்த்து எழுதி வாருங்கள். வந்த விடைகள் எந்த வழிகாட்டி நூலிலும் கிடைக்காதவை. காகம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. கோழி சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. நாய் குழாயடி ஈரமண்ணைத் தோண்டி வயிற்றை ஒட்டிப் படுத்து, நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிறது. எருமை குளத்தை விட்டு வர மறுக்கிறது. பசு புளியமர நிழலில் நிற்கிறது.

இவற்றை வைத்தே பாடத்தை நடத்தினேன். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. நாய்க்கு இருப்பவையும் பெரும்பாலும் பாதங்களில்தான். ஆகவே வாயின் ஈரத்தை ஆவியாக்கி வெப்பத்தை வெளியேற்றுகின்றன. எருமைக்குப் பசுவைவிட வியர்வைச் சுரப்பிகள் குறைவு; தோலோ கறுப்பு, முடியும் அடர்த்தி இல்லை. அது சேற்றில் புரள்வதைச் சோம்பலுக்கு உவமையாகச் சொல்லிவந்திருக்கிறோம், பாவம்.

ஆவியாதலை விளக்க ஒரே அளவான மூன்று குப்பிகள் போதும். மூன்றிலும் ஒரே சூட்டில் வெந்நீர் ஊற்றுங்கள். ஒன்றில் உலர்ந்த துணி, ஒன்றில் ஈரத்துணி சுற்றுங்கள். மூன்றாவதில் ஈரத்துணியைச் சுற்றி, அதன்மேல் பாலித்தீன் பையை இறுகக் கட்டுங்கள். மின்விசிறிக்கு அடியில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆய்வக வெப்பமானியால் அளக்கச் சொல்லுங்கள். (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி வேண்டாம், வெந்நீரில் உடைந்துவிடும்.) ஈரத்துணிக் குப்பி முந்துகிறது. பை கட்டியது பின்தங்குகிறது. ஒரு கிராம் வியர்வை தோலின்மேல் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. ஆவியாகாமல் சொட்டிப்போன வியர்வையால் பயன் இல்லை. கடலோர ஊர்களின் புழுக்கம் அந்தப் பாலித்தீன் பைதான்.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே ஆண்டு விளையாட்டு விழாப் பயிற்சியின்போது என் வகுப்பு மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். நிழலுக்குத் தூக்கிச் சென்று, முகத்திலும் கழுத்திலும் ஈரத்துணி வைத்து விசிறினோம். நல்லவேளை, சிறிது நேரத்தில் கண் திறந்தாள். காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லையாம். "குடிச்சா பாத்ரூம் போகணும் டீச்சர்" என்றாள் மெதுவாக. வகுப்பு நடுவே தண்ணீர் கேட்டவர்களை "இடைவேளையில போய்க் குடி" என்று உட்கார வைத்தவள் நான். வியர்வைக்குத் தண்ணீர் வேண்டும் என்று அதே வாயால் பாடமும் நடத்தியிருந்தேன்.

பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு வியர்க்கும் திறன் குறைவு. எடையோடு ஒப்பிட்டால் அவர்களின் தோல் பரப்போ அதிகம். வெளி வெப்பம் அதன் வழியே விரைவாக உள்ளே ஏறும். வெயிலில் நின்ற பிள்ளை உளறினாலோ நினைவிழந்தாலோ அது வெப்ப வாதமாக இருக்கலாம். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவில்லாத பிள்ளையின் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இப்போது என் வகுப்பில் மேசைமேல் தண்ணீர்ப் பாட்டில் இருக்கலாம், பாடத்தின் நடுவிலும் குடிக்கலாம். கழிப்பறைக்குப் போக மாணவிகள் என்னிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கழிப்பறைத் தாழ்ப்பாள் ஒன்று உடைந்திருந்ததையும் அந்தப் பிள்ளை சொல்லித்தான் அறிந்தேன். அன்று மாலையே சரிசெய்தோம்.

ஓணான் பிடித்த பையன் அதோடு விடவில்லை. "காய்ச்சல் வந்தா உடம்பு சுடுது, ஆனா நமக்கு ஏன் டீச்சர் குளிருது?" என்றான். இந்த முறை சிரிக்கவில்லை. மூளையில் உள்ள ஹைபோதலாமஸ்தான் உடல் வெப்பநிலைக்கு அளவு வைக்கிறது. கிருமி நுழைந்ததும் அந்த அளவை 37இலிருந்து 39க்கு உயர்த்திவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 37இல் இருக்கும் உடல் அதற்குக் குளிர்ந்த உடல். தசைகளை நடுங்க வைத்து வெப்பத்தை ஏற்றுகிறது. அளவு மீண்டும் 37க்கு இறங்கியதும் கூடுதல் வெப்பத்தைக் கழிக்க வியர்த்துக் கொட்டுகிறது.

"அதான் வேர்த்தா காய்ச்சல் விட்டுருச்சுன்னு எங்க ஆயா சொல்லுது" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.