இரவுக்கு இன்னோர் ஆள்

நோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் மனத்தைப் பற்றியவை. தியானம் செய், மூச்சுப் பயிற்சி செய், பாட்டுக் கேள், கோயிலுக்குப் போய்வா, நல்லதையே நினை. இவற்றில் எதுவும் கெட்ட அறிவுரை அல்ல. ஆனால் இவற்றை முதலில் சொல்வது தவறு என்றே நான் நினைக்கிறேன். பராமரிப்பவரின் மன அழுத்தத்தில் பெரும்பகுதி அவருடைய மனத்தில் பிறப்பதில்லை, கடிகாரத்தில் பிறக்கிறது. பக்கவாதத்தில் படுத்தவருக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். இரவு பத்து மணிக்குக் கண்ணயர்ந்தவர் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நான்குக்கும் எழ வேண்டும். இடையில் டயப்பர் நனைந்திருக்கும், யூரின் பேக் நிறைந்திருக்கும், மூக்குக்குழாயில் கஞ்சி ஏற்றும் வேளை வந்திருக்கும். மருத்துவமனையில் இதே வேலையை மூன்று ஷிஃப்டாகப் பிரித்து, ஒரு செவிலியர் எழுதிவைத்ததை அடுத்தவர் படித்துப் பொறுப்பேற்றுச் செய்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆன அன்று மாலையிலிருந்து அந்த மூன்று ஷிஃப்டும் வீட்டில் ஒருவர் தலையில் விழுகின்றன. அவரிடம் போய் மனத்தை லேசாக வைத்துக்கொள் என்பது, தூங்காதவருக்குத் தூக்கத்தைத் தவிர மற்றதையெல்லாம் கொடுப்பதாகும்.

இது வெறும் அனுதாபப் பேச்சல்ல, சான்று இருக்கிறது. 1999இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் என்ற இரு ஆய்வாளர்கள், முதிய வயதில் கணவனையோ மனைவியையோ பராமரித்தவர்களை நான்காண்டுகள் பின்தொடர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பராமரிப்பதோடு அதனால் நெருக்கடியையும் உணர்ந்தவர்களுக்கு, அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட மரண அபாயம் 63 சதவீதம் அதிகமாக இருந்தது. 1995இல் ஓஹையோவில் நடந்த சிறிய ஆய்வொன்றில், மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட பெண்களின் கையில் ஏற்படுத்திய சின்னக் காயம் ஆற, மற்றவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாக ஆயிற்று. இந்த இரண்டையும் மட்டும் படித்தால், பராமரிப்பே உயிருக்கு ஆபத்து என்று பயப்படத் தோன்றும். ஆனால் 2013இல் டேவிட் ராத் குழுவினர் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பராமரிப்பாளர்களை, பல வகையிலும் அவர்களை ஒத்த பிறரோடு ஒப்பிட்டபோது, பராமரித்தவர்களின் மரண விகிதம் 18 சதவீதம் குறைவாக இருந்தது. முரண்பாடுபோலத் தெரியும், உண்மையில் இல்லை. 1999 ஆய்விலேயே, பராமரித்தும் நெருக்கடியை உணராதவர்களுக்கு அபாயம் கூடியிருக்கவில்லை. இன்னொருவரைப் பார்த்துக்கொள்வது மனிதரைக் கொல்வதில்லை, சிலருக்கு அது வலுவும் தருகிறது. கொல்வது நெருக்கடி. அந்த நெருக்கடியில் பெரும்பங்கு, மாற்றிவிட ஆளில்லாமல் அதையே செய்துகொண்டிருப்பதிலிருந்து வருகிறது என்பது என் வாதம்.

மாற்றிவிட ஆளில்லாதவர் யார் என்பதில் நம் நாட்டில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள். ஆண்களில் 21.4 சதவீதம். ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு ஏறக்குறைய 140 நிமிடம் செலவிடுகிறார், ஆண் 74 நிமிடம். இதில் குழந்தை வளர்ப்பும் அடக்கம் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. சென்னையை ஒட்டிய படூர் போன்ற ஊரில் இந்தச் சாய்வுக்கு இன்னொரு பாரமும் சேர்கிறது. பழைய மாமல்லபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலையாகி, சிறுசேரி சிப்காட்டில் வேலை பெருகி, ஏரியும் வயலுமாக இருந்த ஊரில் அடுக்குமாடிகள் எழுந்தன. வேலைக்காக வந்த பிள்ளைகள் அப்பாவையோ அம்மாவையோ உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் சொந்த ஊரிலிருந்து அழைத்து வருகிறார்கள். ஊரில் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேச்சுக் கொடுக்க வந்த சித்தப்பாவும் எதிர்வீட்டு அக்காவும் இங்கே இல்லை. கேளம்பாக்கத்தில் பெரிய மருத்துவமனை இருக்கிறது, ஆம்புலன்ஸ் சீக்கிரம் வரும். மாலை ஐந்திலிருந்து ஏழுவரை அம்மாவின் பக்கத்தில் உட்கார ஒரு மனிதர் கிடைக்கமாட்டார்.

இங்கே வழக்கமான மறுப்பு ஒன்று எழும்: அந்தக் காலத்தில் வீட்டுப் பெண்கள் இதையெல்லாம் முணுமுணுக்காமல் செய்யவில்லையா? செய்தார்கள். ஆனால் அந்த வீடுகளில் கைகள் அதிகம். அதோடு, அன்று சில வாரங்களில் முடிந்துவிட்ட நோய்கள் இன்று நல்ல சிகிச்சையால் பல ஆண்டுகள் நீள்கின்றன. முணுமுணுக்கவில்லை என்பதும், கேட்பதற்கு ஆளில்லாமல் போனதாக இருக்கலாம். நம் மருத்துவ வரலாற்றிலேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தாரையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களில் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையமும் அதே பத்தாண்டில் குடும்பத்தாரை உடன் தங்கவைத்துச் சிகிச்சை தரத் தொடங்கியது. இந்தியக் குடும்பம் நோயாளியைக் கைவிடாது என்பதற்குச் சான்றாக இவற்றைப் பலரும் சொல்வார்கள். நான் கவனிப்பது வேறொன்றை. அங்கே குடும்பம் தனியாக விடப்படவில்லை. பக்கத்துக் கூடாரத்திலும் பக்கத்து அறையிலும் இதே கஷ்டத்தில் இன்னொரு குடும்பம் இருந்தது. கேள்வி கேட்க மருத்துவர் இருந்தார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கற்றுக்கொடுத்தார்கள். காலப்போக்கில் நாம் குடும்பம் என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கூடாரம் என்ற பாதியை விட்டுவிட்டோம்.

அடுத்த மறுப்பு இன்னும் ஆழமானது: வெளியாள் பார்த்தால் நம்மைப்போல் வருமா? இதைக் கேட்பவர்களின் பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கான பதில் படூரிலிருந்து சில கிலோமீட்டரில், கோவளத்தில் கிடைக்கிறது. 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய தி பான்யன் அமைப்பு, கோவளம் பகுதியில் பல ஆண்டுகளாக மனநலப் பணி செய்துவருகிறது. 2015இல் தொடங்கிய அவர்களுடைய ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தில், காப்பகத்தில் நீண்ட காலம் கிடந்தவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் சாதாரண வீடெடுத்துக் குடியிருக்கிறார்கள். அவர்களுக்குத் துணையாக இருப்பவர்கள் பெரிய பட்டம் பெற்றவர்கள் அல்ல. பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்குகிற சாதாரணப் பெண்கள். இரத்த உறவு இல்லாதவர்கள் சேர்ந்து சமைத்து, கடைக்குப் போய், ஒருவர் மாத்திரையை இன்னொருவர் நினைவூட்டி வாழ்கிறார்கள். நல்ல பராமரிப்புக்கு இரத்த உறவு கட்டாயம் என்றால் இது நடந்திருக்க முடியாது. அதற்குத் தேவை பழக்கம், பயிற்சி, தாங்கக்கூடிய வேலை நேரம். மூன்றாவது இல்லாத மகளைவிட, மூன்றும் உள்ள வெளியாள் ஓர் இரவுக்கு நன்றாகவே பார்ப்பார்.

‘அவருக்கு நான்தான் ஊட்ட வேண்டும், வேறு யார் கையாலும் சாப்பிடமாட்டார்’ என்பதும் உண்மையான சிக்கல்தான். குறிப்பாக மறதி நோய் உள்ளவர்கள் புது முகத்தைக் கண்டால் மிரளுவார்கள். இதற்கு வழி, முற்றிலும் களைத்துக் கீழே விழும்வரை காத்திருந்து பிறகு அவசரத்துக்கு ஆள் பிடிப்பது அல்ல. நீங்கள் ஓரளவு தெம்பாக இருக்கும்போதே இன்னொருவரைப் பழக்க வேண்டும். முதலில் நீங்கள் ஊட்டும்போது அவர் பக்கத்தில் உட்காரட்டும். பிறகு தண்ணீர் கொடுக்கட்டும். பிறகு ஒரு வேளை ஊட்டட்டும். நீங்கள் அடுத்த அறையில் இருங்கள், அப்புறம் தெருமுனைவரை போங்கள். கூடவே ஒரு நோட்டு வேண்டும். எந்த மாத்திரை எப்போது, கஞ்சி எந்தப் பதத்தில், எந்தப் பக்கம் புரட்டினால் வலி, கோபம் வந்தால் எந்தப் பேச்சு எடுபடும் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கும்வரை உங்களை யாராலும் விடுவிக்க முடியாது. எழுதிவைத்த மறுநாள் உங்கள் இடத்தில் இன்னொருவர் உட்கார முடியும். கிடைக்கும் இடைவேளையை முடிந்தபோது என்று விடாமல், கிழமையும் மணியும் குறித்துக் கேளுங்கள். வியாழன் மாலை நான்கிலிருந்து ஏழு என்று தெரிந்தால் புதன் இரவை எப்படியோ கடந்துவிடலாம். எப்போது என்று தெரியாத ஓய்வு, வந்தாலும் உடம்பில் ஒட்டாது. முதலில் வாங்க வேண்டியது வாரத்தில் இரண்டு முழு இரவுகள் என்பேன். பகல் உதவி கிடைப்பது எளிது என்பதால் பலரும் அதோடு நின்றுவிடுகிறார்கள். உடைந்த தூக்கம்தான் கோபமாகவும் அழுகையாகவும் பகலில் வெளியே வருகிறது.

பணம்? இதற்கு மழுப்பலான பதில் சொல்ல எனக்கு மனமில்லை. ஏஜென்சி மூலம் இரவு அட்டெண்டர் வைப்பது நடுத்தர வீட்டுக்கே பெரும் செலவு. கூலி வேலைக்குப் போகிற வீட்டுக்கு எட்டாது. அதனால்தான் இது அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டிய கணக்கு. வெளிநாட்டிலிருக்கும் மகன் நேரில் வர முடியாவிட்டால் இரவு ஆளின் சம்பளத்தை ஏற்கலாம்; இன்ஷூரன்ஸ் தாள்களையும் மருந்து ஆர்டரையும் முழுதாக எடுத்துக்கொள்ளலாம்; தினமும் ஒரே நேரத்தில் வீடியோ காலில் அப்பாவோடு பேசி அந்த அரை மணி நேரத்தை வீட்டிலிருப்பவருக்குத் தரலாம். தொலைவிலிருந்து யோசனை மட்டும் சொல்பவர்கள் அடுத்த யோசனைக்கு முன் ஒரு வாரம் வந்து தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்பதைக் குடும்பத்தில் ஒரு விதியாகவே வைக்கலாம். அரசு தருவதையும் கேட்டு வாங்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கும் தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன் போன்ற சில நோயுள்ளவர்களுக்கும் மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. செங்கல்பட்டில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இந்தத் தொகை முழு ஆளுக்குப் போதாது. சில இரவுகளுக்குப் போதும்.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மிக வலுவானது இது: எத்தனை ஆள் வைத்தாலும் துக்கம் குறையாதே? குறையாதுதான். பெற்ற தாய் உன் பெயரென்ன என்று கேட்கும்போது எழும் வலிக்கு ஷிஃப்ட் முறை மருந்தல்ல. ஆள் கண்ணெதிரே இருக்க, உறவு மட்டும் கைநழுவுவதைப் பற்றி அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் பாலின் பாஸ் ஒரு நூலே எழுதியிருக்கிறார். இறப்புக்கு அழச் சடங்கு இருக்கிறது, இந்த இழப்புக்கு இல்லை என்பதே அதன் கொடுமை. ஆனால் துக்கமும் களைப்பும் கலந்து கிடக்கும்போது எது எதென்று பிரித்தறிய முடியாது. நன்றாகத் தூங்கியெழுந்த பிறகும் மீதமிருப்பதுதான் துக்கம். அதைப் பேச வேண்டும், அழ வேண்டும், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். ‘இது எப்போது முடியும்’ என்ற நினைப்பு வந்ததற்காகத் தன்னையே பாவியாக்கிக்கொண்டவர்கள் நிறையப் பேர். அது பெரும்பாலும் மரணத்தை விரும்புவது அல்ல, தூக்கத்தை விரும்புவது. மனசாட்சி உள்ளவர்களுக்கும் வரும். கை ஓங்கத் தோன்றினால், வேண்டுமென்றே உணவைத் தள்ளிப்போட்டால், தானே செத்துவிடலாம் என்று தோன்றினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. நோயாளியைப் பத்திரமான நிலையில் படுக்கவைத்துவிட்டு அறையைவிட்டு வெளியே வந்து யாரையாவது கூப்பிட வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

இந்தச் சுமையில் ஊரும் பங்கெடுக்க முடியும். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் ஒரு சிறு நோய்த்தணிப்பு மருத்துவ அமைப்பாகத் தொடங்கிய முயற்சி, மலப்புறத்தின் ஊர்த் தொண்டர்கள் வழியே பரவி, 2008இல் மாநிலக் கொள்கையாயிற்று. பஞ்சாயத்துகள் அதைத் தம் வேலையாக எடுத்துக்கொண்டன. தமிழ்நாட்டிலும் 2025-26 நிதிநிலை அறிக்கையில் முதியோருக்கான 25 ‘அன்புச்சோலை’ பகல்நேர மையங்கள் அறிவிக்கப்பட்டன. எழுந்து வர முடிந்தவர்களுக்கு அவை நல்லது, படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கு ஆள்தான் வந்தாக வேண்டும். படூரில் அதற்கான தொடக்கத்தை இங்கேயே செய்யலாம். ஜிம்முக்கும் நீச்சல் குளத்துக்கும் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் வாங்கும் குடியிருப்போர் சங்கங்கள், எந்தெந்த வீட்டில் படுக்கையில் இருப்பவர் உண்டு என்ற பட்டியலையும், வாரம் மூன்று மணி நேரம் வந்து உட்காரத் தயாராக இருப்பவர்களின் பட்டியலையும் வைத்திருக்கலாம். மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து ஓர் இரவுப் பணியாளரை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள உதவலாம். ஊருக்குள் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்குச் செவிலியர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், பராமரிப்பவருக்குப் புரட்டவும் தூக்கவும் கற்றுத்தரும் பயிற்சி எப்போது நடக்கும் என்ற இரண்டு கேள்விகளை அங்கே எழுப்பி, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைக்க வேண்டும். கூட்டத்துக்கு வர முடியாத நிலையில் இருப்பவர் பராமரிப்பவர்தான் என்பதால், அவருக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் போக வேண்டியிருக்கும்.