பட்டியலில் விடுபட்ட பேரெண்



பினாங்கு ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை நாம் நன்கறிவோம். 1801-ஆம் ஆண்டில் தோன்றிய பள்ளிவாசலின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அச்சாலையின் நகைக்கடைகளில் சொக்கத் தங்கத்தை 24 காரட் என்பர். ஒரு நாளுக்கும் 24 மணி நேரம். இந்த 24-க்கு என்ன சிறப்பு?

24-ஐ 1, 2, 3, 4, 6, 8, 12, 24 ஆகிய எட்டு எண்களால் மீதியின்றி வகுக்கலாம். 25-ஐயோ 1, 5, 25 என்னும் மூன்றால் மட்டுமே வகுக்க இயலும். இவ்வாறு மீதியின்றி வகுக்கும் எண்களைக் காரணிகள் என்கிறோம். தனக்குக் கீழுள்ள எந்த எண்ணையும் விட மிகுதியான காரணிகளைப் பெற்ற எண்ணை உயர் பகு எண் என்பர். 6, 12, 24, 36, 48, 60 ஆகியவை அத்தகையன.

இவ்வெண்களை ஆழ்ந்து ஆராய்ந்தவர் நம் தமிழர், கணித மேதை இராமானுசன். 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி, மற்றப் பாடங்களில் தேறாமையால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தரானார். 1914-இல் இங்கிலாந்து சென்றார். மறு ஆண்டே உயர் பகு எண்களைப் பற்றிய நீண்ட கட்டுரையை வெளியிட்டு, அதில் 102 எண்களைப் பட்டியலிட்டார். கணினி இல்லாத காலம் அது! பட்டியலின் இறுதி எண் 6,746,328,388,800. அதற்கு 10,080 காரணிகள் உண்டு.

இத்தனை காரணிகளை எவ்வாறு எண்ணுவது? வழி எளிது. எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதுக. ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அதனோடு ஒன்றைக் கூட்டுக. கிடைத்தவற்றைப் பெருக்குக. 12 = 2 × 2 × 3. இதில் 2 இரு முறையும் 3 ஒரு முறையும் வருகின்றன. ஆகவே 3 × 2 = 6 காரணிகள்.

இனி 293,318,625,600 என்னும் எண்ணைப் பார்ப்போம். நம் வழக்கில் இது 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. இதில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 ஆகியவை இவ்விரு முறையும், 11, 13, 17, 19 ஆகியவை ஒவ்வொரு முறையும் வருகின்றன. ஆகவே 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040 காரணிகள். இதுவும் ஓர் உயர் பகு எண்ணே. ஆனால் இராமானுசனின் பட்டியலில் இவ்வெண் இல்லை. அவர் இதை விட்டுவிட்டார்! இதனை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பதோ, அவர் பட்டியலின் அதே இறுதி எண்.

மேதையும் ஓர் எண்ணைத் தவறவிட்டார். அதனால் அவர் புகழ் குன்றிற்றா? இல்லை. அவ்வாராய்ச்சிக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் அளித்தது.

தோட்டத்தில் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர்களே! கணக்கு ஏட்டில் சிவப்புக் கோட்டைக் கண்டதும் கடிந்துகொள்ளாதீர்கள். "எந்த இடத்தில் தவறியது, காட்டு" என்று அன்போடு கேளுங்கள். மாணவர்களே! தவறு செய்தவன் தாழ்ந்தவன் அல்லன். சரிபார்க்க மறுப்பவனே பின்தங்குவான்.

பயிற்சி: 60, 72 ஆகியவற்றின் காரணிகளை எண்ணுக. இவற்றுள் எது உயர் பகு எண்? காரணம் கூறுக.