இல்லத்தில் இசை கேட்டல்: ஒலிபெருக்கிகளின் இடமும் அளவும்

இசைக்கு இடமும் ஓர் அங்கமாகும். ஆடலரங்கின் நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு கோல், உயரம் ஒரு கோல் என்று சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை அளவு வகுத்துக் கூறுகின்றது. அத்தகைய மரபில் வந்த நாமோ இல்லத்தில் இசை கேட்கும்போது அளவைக் கருதுவதில்லை. விலைமிகுந்த இரு ஒலிபெருக்கிகளை வாங்கி, ஒன்றை அலுமாரியின் மேலும் மற்றதைக் கதிரைக்குப் பின்னும் வைத்துவிட்டுக் கருவியைக் குறைகூறுகின்றோம். குறை பெரும்பாலும் கருவியிலன்று. அது நிற்கும் இடத்திலேயாம்.

ஒலிபெருக்கி இரண்டாதல் ஏன்? நமக்குச் செவி இரண்டாதலின். வலப்பக்கத்து ஒலி வலச்செவியை முதலில் அடைகின்றது; இடச்செவியை அடைய ஆயிரத்திலொரு செக்கனிலும் குறைந்த காலமே பிந்துகின்றது. அச்சிறு வேற்றுமையைக் கொண்டே தாழ்ந்த ஒலியின் திசையை உணர்கின்றோம். உயர்ந்த ஒலியைத் தலை மறைத்தலால், அதன் திசையை வலிமை வேற்றுமையால் அறிகின்றோம். ஆங்கிலப் பொறியியலாளர் அலன் புளும்லைன் என்பார் இவ்வியல்பை அடிப்படையாகக் கொண்டு, ஈரொலிப் பதிவு முறைக்கு 1931 ஆம் ஆண்டிற் காப்புரிமை கோரினார். முறைப்படி வைத்த இரு பெட்டிகளுக்கும் நடுவே, பெட்டியே இல்லாத வெற்றிடத்திலிருந்து பாடகரின் குரல் எழுவது இம்முறையின் சிறப்பாகும்.

இனி, வைக்கும் முறையைக் காண்போம்.

முதலாவது, இரு பெட்டிகளும் கேட்போரும் ஒரு சமபக்க முக்கோணியின் மூன்று உச்சிகளாதல் வேண்டும். சிறிய மண்டபத்திற் பக்கம் எட்டடி அமைதல் நன்று. பெட்டிகள் நெருங்கின் இசை ஒடுங்கும். மிக விலகின் நடுவே வெறுமை தோன்றும். இரு பெட்டிகளுக்கும் உள்ள தூரத்தைக் கயிறு பிடித்து அளந்து சமமாக்குக. ஒன்று ஓரடி அண்மித்திருப்பினும் அதன் ஒலி முந்திச் செவியை அடைந்து, குரலைத் தன்பக்கம் இழுத்துவிடும்.

இரண்டாவது, உயர்ந்த ஒலியை எழுப்பும் சிறிய கூம்பு, அமர்ந்திருப்போரின் செவி மட்டத்தில் இருத்தல் வேண்டும். உயர்ந்த ஒலி பெரும்பாலும் நேர்முகமாகச் செல்வது. ஆதலின் பெட்டியைத் தரையில் வைத்தால் அதன் தெளிவு முழங்காலுக்கே கிடைக்கும்.

மூன்றாவது, சுவர். தாழ்ந்த ஒலி எத்திசையும் பரவிச் சுவரிற்பட்டு மீண்டு பெருகும். மூலையில் வைத்த பெட்டியில் அப்பெருக்கம் மிகுதியாகும். பெட்டியைப் பின்சுவரிலிருந்து இரண்டு மூன்றடி முன்னே வைத்து, பின்னர் அரையடி அரையடியாக நகர்த்திக் கேட்டறிக. கேட்போர் அமரும் இடமும் கவனிக்கத்தக்கது. மூன்றரை மீற்றர் இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கிடையே, செக்கனுக்கு 50 அதிர்வுள்ள ஒலி சுவரருகே மிக உரத்தும் நட்டநடுவே மிக மெலிந்தும் கேட்கும். ஆதலின் சுவரோடு சாய்ந்திருத்தலும் ஆகாது. நடுவில் இருத்தலும் ஆகாது.

நான்காவது, தெறிப்பு. சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் ஒலியைத் தெறிக்கச் செய்து தெளிவைக் கெடுக்கும். கேட்போர் தம் இடத்தில் இருக்க, மாணவர் ஒருவர் பக்கச் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்திச் செல்க. பெட்டி கண்ணாடியில் எங்கே தெரிகின்றதோ, அங்கே தடித்த திரைச்சீலை தொங்கவிடுக. அல்லது நூல்கள் நிறைந்த தட்டு வைக்க. தரையிற் கம்பளம் விரிக்க. ஒளிக்குரிய தெறிப்பு விதியே ஈண்டு ஒலிக்கும் பொருந்துதல் காண்க.

அமைத்தபின் சோதித்தல் வேண்டும். நாகசுர வித்துவான் திருவாவடுதுறை இராசரத்தினம்பிள்ளை 1956 இல் மறைந்தார்; ஈரொலி இசைத்தட்டுகள் பரவியது 1958 முதலாகும். ஆகவே அவர் வாழ்நாளில் வெளிவந்த தட்டுகள் ஓரொலித் தட்டுகளே. அவற்றுள் ஒன்றை ஒலிக்கச் செய்தால், நாகசுரம் சரிநடுவே நின்று ஒலித்தல் வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் தூரத்தை மீண்டும் அளக்க. எங்கிருந்து வருகின்றதென்று தெரியாமற் சிதறி, தாழ்ந்த ஒலியும் மெலிந்தால், ஒரு பெட்டியின் நேர், எதிர்க் கம்பிகள் மாறியுள்ளன என்று கொள்க.

இத்துணை நுணுக்கம் எதற்கு என்பாரும் உளர். யாழ்ப்பாணத்துத் தவில்மேதை தெட்சணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். அவர் வாசிப்பை நேரிற் கேட்டோர் தொகை ஆண்டுதோறும் குறைகின்றது. இன்றைய மாணவருக்கு அவர் ஒலிப்பதிவிலேயே வாழ்கின்றார். மூலையில் வைத்த பெட்டியின் முழக்கம் வலந்தலையில் விரல்கள் செய்யும் நுண்மையை மூடிவிடுமாயின், அம்மாணவர் கேட்பது மேதையின் வாசிப்பன்று, அறையின் இரைச்சலேயாம். அதைக் கேட்டு, முன்னோர் புகழ்ந்தது இவ்வளவுதானா என அவர் எண்ணிவிடுதல் பேரிழப்பாகும்.

இவ்விழப்பைத் தவிர்க்கப் புதிய கருவி வேண்டுவதில்லை. ஒரு கயிறும், ஒரு கண்ணாடியும், ஒரு மாலைப்பொழுதின் பொறுமையும் போதும்.