பிக்கப் வண்டியின் பால் ஜாயிண்ட்: வீட்டில் மாற்றலாமா?



நம் ஜமாஅத்தில் பிக்கப் ஓட்டிப் பிழைப்பவர்கள் பலர். சிவகாசியிலிருந்து தீப்பெட்டி, காலண்டர் பண்டல், விருதுநகரிலிருந்து பருப்பு, வத்தல், எண்ணெய் என்று லோடு அடிக்கிறார்கள். சென்ற ரமளானுக்கு முன், நமது அறக்கட்டளையின் பழைய வண்டியில் அரிசி ஏற்றி வந்தபோது, வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்க இடது சக்கரத்தில் 'டொக்' என்று சத்தம். டிரைவர் தம்பி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். செலவை நினைத்துத் தள்ளிப்போட்டது நான்தான். கழற்றிப் பார்த்தால், உள்ளிருந்த குண்டு விரலால் தள்ளினாலே ஆடியது. அன்று முன் சீட்டில் என் மகனும் உட்கார்ந்து வந்திருந்தான்.

சக்கரம் பொருந்தியிருக்கும் நக்கிளையும் மேல், கீழ் ஆர்ம்களையும் இணைக்கும் மூட்டுத்தான் பால் ஜாயிண்ட். நம் தோள்மூட்டு மாதிரி, கிண்ணத்துக்குள் குண்டு. மேலே மூடியிருக்கும் ரப்பர் கிழிந்தால் தூசியும் தண்ணீரும் உள்ளே போகும், கிரீஸ் வெளியேறும், குண்டு தேயும். முழுதும் கழன்றால் சக்கரம் மடங்கிச் சாய்ந்துவிடும். அதன் பிறகு ஸ்டியரிங் நம் கையில் இல்லை.

முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். முன்னால் ஒரே துண்டான ஆக்சிலும் பிளேட் ஸ்பிரிங்கும் இருந்தால் பெரும்பாலும் கிங் பின்தான் இருக்கும். அது வேறு வேலை. இசுசு டி-மேக்ஸ் போல மேலும் கீழும் ஆர்ம் உள்ள வண்டிகளுக்கே இந்தப் பாடம்.

சோதிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். காயில் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருந்தால், ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், ஜாயிண்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். சேஸிஸில் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் தேய்மானம் தெரியாமல் போகலாம். டயருக்கு அடியில் கடப்பாறையைக் கொடுத்து ஒருவர் நெம்ப, மற்றவர் ஜாயிண்டைப் பார்க்க வேண்டும். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் ஜாயிண்டைச் சந்தேகிக்கலாம்.

மாற்றும்போது பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் போகக் கூடாது. செங்கல்லை அடுக்குவதும் வேண்டாம். கீழ் ஆர்மைத் தாங்கும் ஜாக்கியை வேலை முடியும்வரை எடுக்காதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே அடித்துவிடும். பிரேக் கேலிப்பரைக் கழற்ற நேர்ந்தால் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. ஸ்பிலிட் பின்னை எடுத்து, நட்டைச் சில மரை மட்டும் தளர்த்தி அதிலேயே விட்டுவிட்டு, நக்கிளின் பக்கவாட்டில் சுத்தியலால் அடித்தால் பிடி விடும். மரையில் அடிக்காதீர்கள்.

போல்ட் போட்டு மாட்டும் ஜாயிண்ட் என்றால் வீட்டிலேயே மாட்டலாம். ஆர்முக்குள் அழுத்திப் பொருத்தியது என்றால் ஆர்மைக் கழற்றிப் பட்டறையில் பிரஸ்ஸில் கொடுங்கள். சுத்தியலால் அடித்து இறக்கிய ஜாயிண்ட் கோணலாக உட்கார்ந்து சீக்கிரம் போய்விடும். கூலியில் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

சரிவான தண்டைத் துடைத்து, கிரீஸ் இல்லாமல் மாட்டுங்கள். நட்டைக் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு முறுக்கிய பின் பின்னுக்கான துளை நேராக வராவிட்டால், இன்னும் சற்று முறுக்குங்கள். துளைக்காகத் தளர்த்துவது தவறு. ஸ்பிலிட் பின் புதிது. கிரீஸ் நிப்பிள் இருந்தால் ரப்பர் லேசாகப் புடைக்கும்வரை அடித்தால் போதும்.

பட்டாசு லோடு ஏற்றும் சகோதரர்களுக்குத் தனியாக ஒன்று. துருப்பிடித்த ஜாயிண்டுக்குக் கேஸ் தீ காட்டுவது, கிரைண்டர் வைப்பது, இரும்பில் இரும்பை அடிப்பது எல்லாமே பொறி பறக்கும் வேலை. பெட்டியின் மூலையில் ஒட்டியிருக்கும் மருந்துத் தூள் கண்ணுக்குத் தெரியாது. வண்டியை நன்றாகக் கழுவிக் காயவிட்ட பிறகே தொடங்குங்கள். ஆலை வளாகத்திலோ குடோன் பக்கத்திலோ இந்த வேலை அறவே வேண்டாம்.

முடித்த அன்றே வீல் அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் புது டயர் ஒரு பக்கமாகத் தேயும். இரண்டு ஸ்டாண்டும் ஒரு டார்க் ரெஞ்சும் நமது அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். அஸர் தொழுகைக்குப் பின் வந்து, நோட்டில் எழுதி எடுத்துப் போகலாம். வாடகை இல்லை, மறுநாள் துடைத்துக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும்.